புள்ளியும் வடுவும்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஏறுவோர் இலக்கியச் சுவையை அள்ளித் தருவது வழக்கம். நாங்கள் புலவர் அல்லோம், மருத்துவரும் அல்லோம். உருக்காலையில் முப்பதாண்டு உழைத்து, இச்சத்தீசுகர் மண்ணில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு கணவனும் மனைவியும் ஆவோம். பேசும் வாய் ஒன்றே. பேச்சு எங்கள் இருவருடையது. ஆதலின் 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்வோம். சொல்லப் போவது எங்கள் மகளைப் பற்றி. அவளுடைய ஒப்புதலைப் பெற்ற பின்னரே இங்கு நிற்கிறோம். எழுதிய உரையை அவளிடம் காட்டினோம். ஓரிடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அக்கேள்வியால் பாதி உரையை அடித்துவிட்டுப் புதிதாக எழுத நேர்ந்தது. அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

அவளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, வலக்கைச் சுட்டுவிரலின் கணுவில் மிளகளவு ஒரு வெண்மை தோன்றியது. கோலமாவு ஒட்டியிருக்கிறது என்று எண்ணித் தாய் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. 'சுண்ணாம்புச் சத்துக் குறைவு' என்று நாங்களே ஒரு பெயர் சூட்டி, நாள்தோறும் ஒரு குவளைப் பால் கூடுதலாகக் கொடுத்தோம். ஆறு திங்களில் மற்ற விரல்களிலும், உதட்டோரத்திலும், கணுக்காலிலும் வெண்மை படர்ந்தது. அதற்குள் 'பாலே ஆகாது, தயிர் ஆகாது, புளிப்பு ஆகாது, மீன் ஆகவே ஆகாது' என்று அறிவுரைகள் வந்து குவிந்தன. நாகதோடம் என்றார் ஒருவர். முற்பிறவி வினை என்றார் மற்றொருவர். பதின்மூன்று வயதுச் சிறுமியின் தட்டிலிருந்து தயிரை எடுத்தோம், மீனை எடுத்தோம். வெண்மை மட்டும் எடுபடவில்லை.

வடநாட்டு இரயில் பயணங்களில் சாளரத்தின் வழியே சுவர் விளம்பரங்களை நாம் எல்லோரும் கண்டிருப்போம். 'சபேத் தாக்' என்னும் வெள்ளைத் தழும்பை வேரோடு நீக்குவதாக உறுதி கூறும் எழுத்துகள் அவை. அவற்றுள் இரண்டை நம்பி நாங்கள் ஊர் ஊராய் அலைந்தோம். ஓரிடத்தில் ஓர் எண்ணெயைக் கொடுத்து, பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நிற்கச் சொன்னார்கள். குழந்தையின் கை கொப்புளித்து விட்டது. அதில் இருந்தது கார்போகரிசி என்று பின்னர் அறிந்தோம். அது நம் பழைய மருத்துவம் அறிந்த விதைதான். அதில் உள்ள சோரலென் என்னும் பொருள் தோலை ஒளியின்பால் மிகக் கூர்மையுடையதாக்கும். அளவறிந்தவர் கையில் அது மருந்து. அளவறியாதார் கையில் நெருப்பு. காயம்பட்ட இடத்திலேயே புதிய வெண்மை தோன்றுவது இந்நோயின் இயல்புகளுள் ஒன்றாம். அவ்வாறே ஆயிற்று. ஈராண்டையும் பெரும்பொருளையும் இழந்த பிறகே முறைப்படி பயின்ற தோல் மருத்துவரிடம் சென்றோம்.

அவர் எங்களை அமர வைத்து விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறோம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்கித் தருபவை மெலனோசைட் என்னும் உயிரணுக்கள். நோய்க் கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், வீட்டாரையே பகைவர் என்று மயங்கும் காவலனைப் போல, இவ்வுயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அழிந்த இடம் வெளுக்கிறது. நிகழ்வது இவ்வளவே. கிருமியால் வருவதன்று, ஆதலின் தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. பாலாலும் மீனாலும் வருவதன்று. குடும்பத்தில் சிலருக்குத் தொடர்வது உண்டு. எனினும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு வருவதில்லை. சிலருக்குத் தைராய்டுச் சுரப்பியின் கோளாறு உடன் இருக்கும். அதனைச் சோதித்து அறிதல் நன்று.

மருத்துவமும் இல்லாமல் இல்லை. பூசும் களிம்புகள் உண்டு. குறிப்பிட்ட அலைநீளமுள்ள புறஊதா ஒளியை வாரம் இரண்டு மூன்று முறை, பல திங்கள் வரை செலுத்தும் முறை உண்டு. நோய் பரவாமல் நிலைத்துவிட்டவர்களுக்குத் தோலையோ நிறமி உயிரணுக்களையோ பெயர்த்து நடும் அறுவை முறையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் ருக்சோலிடினிப் என்னும் களிம்புக்கு அமெரிக்க நாட்டு மருந்து ஆணையம் இந்நோய்க்கென ஒப்புதல் அளித்தது. முகத்தில் நிறம் திரும்புவது எளிது. விரல் நுனியிலும் பாதத்திலும் அரிது. எங்கள் மகளின் உதட்டோரத்தில் நிறம் பெரும்பாலும் மீண்டுவிட்டது. விரல்கள் இன்னும் வெண்மையாகவே உள்ளன. அவ்வாறே இருக்கவும் கூடும் என்பதை அவள் எங்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டாள்.

உடலின் கதை இத்துணையே. இனி உள்ளத்தின் கதை.

அவளுக்குப் பதினெட்டு வயது ஆனபோது மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். 1994-ஆம் ஆண்டில் கார்டிப் நகரத்துத் தோல் மருத்துவர்களான பின்லே, கான் என்னும் இருவர் வகுத்த வினாத்தாள் அது. கேள்விகள் பத்து; ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை எண் இட வேண்டும். தோல்நோய் ஒருவருடைய வாழ்க்கையை எவ்வளவு அழுத்துகிறது என்பதை முப்பதுக்கு இத்தனை என்று அது அளந்து காட்டும். முதல் கேள்வி வலியையும் அரிப்பையும் பற்றியது. எங்கள் மகள் அதற்கு இட்ட எண் சுழியம். அந்நோய்க்கு வலியே இல்லை. பிறகு வந்தன மற்றக் கேள்விகள். கூச்சப்பட்டாயா? உடையைத் தேர்ந்தெடுப்பதில் நோய் குறுக்கிட்டதா? கடைக்குப் போவதற்குத் தடையாக இருந்ததா? விளையாட்டுக்கு, படிப்புக்கு, நண்பரோடும் உறவினரோடும் பழகுவதற்கு? கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது.

ஒருவருடைய உள்ளங்கை விரல்களோடு சேர்த்து அவருடைய மேனியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்பது மருத்துவர் கணக்கு. எங்கள் மகளின் வெண்மை முழுவதும் சேர்ந்து மூன்று கையளவு. மேனியில் நூற்றுக்கு மூன்று. வாழ்க்கையில் முப்பதுக்குப் பத்தொன்பது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாதிருந்தோம்.

இந்தப் பத்தொன்பது எங்கிருந்து வந்தது? சத்தீசுகர்க் கோடையை நீங்கள் அறிவீர்கள். வெயில் 45 டிகிரியைத் தொடும் மே மாதத்திலும் அவள் முழுக்கைச் சட்டை அணிந்தே கல்லூரிக்குச் சென்றாள். புகைப்படம் எடுக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சங்கத்தில் கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தவள், ஒலிபெருக்கியைக் கையால் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகப் பாடுவதையே விட்டாள். குரலுக்கு என்ன ஆயிற்று என்று பலர் எங்களைக் கேட்டீர்கள். தொண்டை சரியில்லை என்று நாங்கள் பொய் சொன்னோம்.

இனிச் சொல்லப்போவது இதே மண்டபத்தில் நடந்தது. யாரையும் குறை கூறும் நோக்கம் எங்களுக்கு இல்லை. அவளுக்குப் பதினேழு வயதிருந்தபோது வந்த பொங்கல் விழா. இலை போட்டாயிற்று. இளம்பெண்கள் பரிமாறினார்கள். எங்கள் மகள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியின் தலைமாட்டுக்கு வந்தாள். அவள் அன்போடு 'அத்தை' என்று அழைக்கும் ஓர் அம்மையார் விரைந்து வந்து, "நீ போய் உட்காரம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வாளியை வாங்கிக்கொண்டார். சொல்லில் கடுமை இல்லை. முகத்தில் புன்னகைகூட இருந்தது. ஆனால் அவர் வாளியின் பிடியைப் பற்றாமல் அடியைப் பற்றி வாங்கினார். அவ்வளவுதான். எங்கள் மகள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இலையைப் பார்த்தோம்.

அன்று நாங்கள் எழுந்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஆண்டு விழாவின்போது, "உனக்குத் தேர்வு இருக்கிறதே, நீ வீட்டில் இருந்து படி" என்றோம். அதற்கு அடுத்த ஆண்டு காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாது போயிற்று. அந்த அம்மையார் அவளை ஒரு நாள், ஒரு பந்தியிலிருந்து விலக்கினார். நாங்களோ ஆறு ஆண்டுகள், எல்லாப் பந்தியிலிருந்தும் விலக்கினோம். பெரிய பிழை யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று பிற்பாடு எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம். விடை எங்கள் ஊரில் இருந்தது. நாங்கள் இருவரும் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர்கள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியருக்குக் கைகளிலும் உதட்டிலும் வெண்மை இருந்தது. அவர் தொட்ட சிலேட்டை நாங்கள் சட்டையில் துடைத்துக்கொள்வோம். அவர் காணாதவாறு துடைப்பதாக எண்ணம். ஆனால் அவர் ஒரு நாளும் சுண்ணக்கட்டியை எங்கள் கையில் கொடுத்ததில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கொள்" என்பார். அது அவருடைய பழக்கம் என்று அன்று நினைத்தோம். எங்கள் மகள் எங்களிடம் தேநீர்க் குவளையைக் கையில் தராமல் மேசைமேல் வைக்கத் தொடங்கிய நாளில்தான் அந்த ஆசிரியர் எங்கள் நினைவுக்கு வந்தார். அவர் எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். எங்கள் கை கூசிவிடக் கூடாதே என்று தம் கையை அவரே விலக்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இன்று வழியில்லை; அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின.

இவ்வச்சத்துக்கு வேர் எது? ஒரு சொல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 'வெண்குட்டம்' என்று இதற்கு நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். வெண்மையோடு குட்டம் என்னும் சொல்லையும் சேர்த்தமையால், இரு வேறு நோய்கள் மக்கள் மனத்தில் ஒன்றாயின. ஒருவர் தோலில் வெண்மையைக் கண்டதும் தொழுநோயை எண்ணிக் கை பின்வாங்கியது. இன்று 'வெண்புள்ளி' என்று வழங்குகிறோம். சொல்லை மாற்றியது நன்று. ஆனால் பழைய சொல்லின் நிழல் இன்னும் கையில் தங்கியிருக்கிறது.

எங்கள் மகளின் கேள்வி எழுந்தது இங்கேதான். முதலில் எழுதிய உரையில், 'இது தொழுநோயன்று, அஞ்ச வேண்டா' என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தோம். அதுவே எங்கள் பெரும் வாதம். படித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, ஒன்பது இடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை தொழுநோயாகவே இருந்திருந்தால், அந்த வாளியை என் கையிலிருந்து வாங்கியது சரியாகிவிடுமா?"

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. எங்கள் பிள்ளையை வாசலுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிய எங்கள் வாதம், வேறொருவர் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அல்லவா கெஞ்சியது? ஆதலின் இரண்டையும் பிரித்துச் சொல்லும் கடமையோடு, இரண்டுக்கும் சேர்த்துப் பேசும் கடமையும் எங்களுக்கு உண்டாயிற்று.

தொழுநோய் கிருமியால் வருவது. அக்கிருமியை 1873-இல் கண்டறிந்தவர் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன். அந்நோயில் தோன்றும் திட்டு பால்போல் வெளுப்பதில்லை. மங்கலாகவோ சிவந்தோ இருக்கும். அவ்விடத்தில் உணர்ச்சி குன்றும். வெண்புள்ளியில் உணர்ச்சி சிறிதும் குறைவதில்லை. உணர்ச்சி குன்றிய திட்டு எதுவாயினும் உடனே மருத்துவரிடம் காட்டுக. நம் மாநிலம் தொழுநோய் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று என்பதை மறவற்க. ஆயினும் அஞ்சற்க. பெரும்பாலோருக்கு அக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பிறவியிலேயே உண்டு. 1981-இல் உலக நல்வாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உண்டால் நோய் முற்றும் குணமாகும். அரசு மருத்துவ நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கிறது. மருந்து தொடங்கியபின் விரைவிலேயே அவரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும்.

நோய் தீர்ந்தாலும் சட்டம் தீரவில்லை என்னும் நிலை நெடுங்காலம் இருந்தது. தொழுநோயாளரை அடைத்து வைக்க 1898-இல் வெள்ளையர் இயற்றிய சட்டம் 2016-இல்தான் நீக்கப்பெற்றது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதிகள் 2019-இல்தான் எடுக்கப்பெற்றன. மருந்து வந்து நாற்பதாண்டு நெருங்கும்போதுதான் சட்டம் திருந்திற்று. வீட்டு வாசல்கள் திருந்துவது எப்போது?

திருந்திக் காட்டியவர்கள் நமக்கு அண்மையிலேயே இருந்திருக்கிறார்கள். சென்னைக்குச் செல்லும் வழியில், நாக்பூரைக் கடந்ததும் வரும் சேவாகிராம நிலையத்தை நம்முள் பலர் கண்டிருப்போம். 1930-களின் இறுதியில், தொழுநோயுற்ற வடமொழிப் புலவர் பர்ச்சூரே சாத்திரியாரை அங்குள்ள தம் ஆசிரமத்தில் ஏற்று, தம் கைகளாலேயே அவருக்குப் பணிவிடை செய்தார் காந்தியடிகள். கூட்டு மருந்து தோன்றாத காலம் அது. நம் மாநிலத்துச் சாம்பா நகரை அடுத்து, 1962-இல் தொழுநோயாளருக்காக ஓர் ஆசிரமத்தைத் தொடங்கியவர் சதாசிவ கோவிந்த காத்ரே. அவர் இரயில்வேயில் பணியாற்றியவர், தாமும் அந்நோயுற்றவர். விலக்கப்பட்டவரே பிறரைச் சேர்த்துக்கொண்டார். விலக்கப்படாத நமக்கு அது முடியாதா?

பெரியோர்களே! உலக மக்களுள் இருநூறு பேருக்கு ஒருவர் முதல் ஐம்பது பேருக்கு ஒருவர் வரை வெண்புள்ளி உடையவர் என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. நம் சங்கத்தில் முந்நூறு குடும்பங்கள். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர். குறைந்த கணக்கில் பார்த்தாலும் ஆறு பேரேனும் இருத்தல் கூடும். விழாக்களில் நாம் கண்டவர் எத்தனை பேர்? ஏனையோர் எங்கே? முழுக்கைச் சட்டைக்குள் இருக்கிறார்கள், முகப்பூச்சுக்குள் இருக்கிறார்கள், எங்கள் மகளைப்போல் 'தேர்வு இருக்கிறது' என்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுவே: மறைத்து வைப்பது காப்பது ஆகாது. மறைக்கும்போது, இது மறைக்கத்தக்க இழிவு என்று பிள்ளைக்கு முதலில் கற்பிப்பவர் நாமே. தொடக்கத்திலேயே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்; சுவர் விளம்பரத்தை நம்பாதீர்கள். பிள்ளை உண்ணாமலும் பேசாமலும் ஒதுங்கினால், உள்ளத்துக்கும் மருத்துவர் உண்டு என்பதை மறவாதீர்கள்.

ஏனையோருக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. முதலாவது, கேட்காமல் மருந்து சொல்லாதீர்கள். வழியில் காண்போரெல்லாம் ஒரு களிம்பின் பெயரைச் சொன்னால், அப்பெண் அவ்வழியே போவதை நிறுத்திவிடுவாள். இரண்டாவது, திருமணப் பேச்சில் கூடவோ குறையவோ கூறாது உண்மையை உரையுங்கள். 'அந்த வீட்டில் அது இருக்கிறதாமே' என்னும் ஒரு சொல்லால் அவளுடைய தங்கைக்கு வந்த வரனும் நின்று போவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவரவர் வாயை அவரவர் மூடிக்கொண்டால் உலைமூடி எதற்கு? மூன்றாவது, கையைப் பற்றுங்கள். பற்றத் தயங்கும்போது உங்கள் கை அரை நொடிதான் நிற்கிறது. அந்த அரை நொடியை எதிரில் இருப்பவர் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை.

அந்த அம்மையாரைப் பற்றியும் ஒரு சொல். சென்ற திங்கள் நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்று, இவ்வுரையில் அன்றைய நிகழ்ச்சியைச் சொல்லப் போகிறோம் என்று தெரிவித்தோம். அவருக்கு வாளியும் நினைவில்லை, பொங்கலும் நினைவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்படியா செய்தேன்?" என்று கேட்டுக் கண்கலங்கினார். 'சொல்லுங்கள், தவறாமல் சொல்லுங்கள்' என்று எங்களுக்கு விடை கொடுத்தவர் அவரே. நமக்கு நினைவே இல்லாமல் நாம் செய்வது இது. நாங்கள் சிலேட்டைத் துடைத்ததும் அவ்வாறே.

இதுவரை 'நாங்கள்' என்று பேசினோம். இனி 'நாம்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிறோம். கூட்டம் முடிந்ததும் பின்கட்டில் நமக்கு இலை போடப் போகிறார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் மகள் இன்று சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, அதே அத்தையின் பக்கத்தில் சாம்பார் வாளியோடு நிற்கிறாள். வாருங்கள், நாம் எல்லோரும் உட்காருவோம்.